தலையெழுத்தைத் தேடிய வைத்தியர்

(குற்றவியலின் வரலாறு: ஐந்தாம் பகுதி)

மிலான் நகரத்துப் பிரபு குமாரரான செஸாரே பெக்காரியா, தமது 26-ஆம் வயதில், தம் பெயரைக்கூட அட்டையில் இடாமல், 1764-இல் லிவோர்னோத் துறைமுகப் பட்டணத்தில் அச்சிட்டு வெளியிட்ட ஒரு சிறு நூல், ஐரோப்பிய மன்னர்களின் சித்திரவதைக் கூடங்களையும் கொலைமேடைகளையும் எவ்வாறு நியாயத்தின் முன் நிறுத்தியது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1786-இல் தஸ்கனி நாட்டு அரசர் லியோபால்டு மரண தண்டனையையே தம் சட்டத்திலிருந்து நீக்கினார் என்றால், அந்தச் சிறு நூலின் பிரபாவம் எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மனிதன் இன்ப துன்பங்களைச் சீர்தூக்கிப் பார்த்துச் செயல்படுபவன்; குற்றத்தால் கிடைக்கும் லாபத்தைவிடத் தண்டனையால் விளையும் நஷ்டம் சற்றே மிகுந்திருந்தால் அவன் அதைச் செய்யத் துணிய மாட்டான்; ஆகையால் தண்டனை அளவுடையதாகவும், நிச்சயமானதாகவும், தாமதமில்லாததாகவும் இருந்தால் போதும், கொடூரமாக இருக்க வேண்டியதில்லை என்பதே செவ்வியல் கொள்கை என்று பின்னாளில் பெயர்பெற்ற அந்தச் சித்தாந்தத்தின் சாரம்.

மேன்மையான அந்தக் கொள்கை, நடைமுறைக்கு வந்தபோது ஒரு முட்டுச் சந்தில் போய் நின்றது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1791-இல் இயற்றிய தண்டனைச் சட்டம், இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று அணுவளவும் பிசகாமல் விதித்துவிட்டு, நியாயாதிபதியின் கையில் யாதொரு விவேகத்தையும் விட்டுவைக்கவில்லை. பசியால் திருடியவனும், திருட்டையே தொழிலாகக் கொண்டவனும், புத்தி சுவாதீனமில்லாமல் திருடியவனும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டார்கள். இந்த அநியாயத்தை உணர்ந்தே 1810-ஆம் வருஷத்துச் சட்டம் பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை, அதிகபட்சத் தண்டனை என்று இரண்டு எல்லைகளை வகுத்து, இடைப்பட்ட தூரத்தை நீதிபதியின் யோசனைக்கு விட்டது. அப்படியும், செய்த காரியத்தை அளக்கும் கோல் இருந்ததே தவிர, செய்தவனைப் பற்றி விசாரிக்கும் சாஸ்திரம் ஒன்றும் பிறக்கவில்லை.

பிரெஞ்சு அரசாங்கம் 1827 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த குற்றப் புள்ளிவிவரங்களைப் படித்த பெல்ஜியத்து வானசாஸ்திரி அடால்ஃப் கெத்தெலே, கொலைகளின் எண்ணிக்கையும், அவற்றுக்குப் பயன்பட்ட ஆயுதங்களின் விகிதமுங்கூட வருஷத்துக்கு வருஷம் அநேகமாக மாறாமல் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு திகைத்து, 1835-இல் வெளியிட்ட தம் நூலில், குற்றத்துக்கான ஏற்பாடுகளைச் சமுதாயமே செய்து வைக்கிறது என்ற பொருள்பட எழுதினார். வாலிபர்கள் முதியவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்கிறார்கள், வெயில் காலத்தில் ஆட்களுக்கு எதிரான குற்றமும் குளிர் காலத்தில் சொத்துக்கு எதிரான குற்றமும் பெருகுகின்றன என்பனவெல்லாம் அவர் கண்டு சொன்னவையே. ஆயினும் எண்களின் மொழி அக்காலத்துப் பொதுமக்களின் காதில் ஏறவில்லை. அவர்கள் காதில் ஏறக்கூடிய கதை ஒன்றைக் கையில் ஒரு மண்டையோட்டை வைத்துக்கொண்டு சொல்ல ஒருவர் வந்தார். அவரைப் பற்றியது இந்தப் பகுதி.

செஸாரே லொம்ப்ரோஸோ 1835-இல், அப்போது ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த வெரோனா நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாவியாவில் வைத்தியப் பட்டம் பெற்று, இத்தாலி ஒன்றுபட்ட அந்தக் கொந்தளிப்பான நாட்களில் ராணுவ வைத்தியராகச் சேர்ந்து, 1862-இல் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவுக்குப் படையோடு போய் வந்தார். போன இடத்தில் சும்மா இராமல், ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் உயரத்தையும் தலையையும் அளந்தார். உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர்களை உற்றுநோக்கி, ஆபாசமான சொற்களையும் சித்திரங்களையும் குத்திக்கொண்ட சிப்பாய்கள் ஒழுங்கீனர்களாயிருக்கிறார்கள் என்று குறித்து வைத்தார். பிறகு பாவியாவில் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார்; 1876 முதல் தூரின் பல்கலைக்கழகத்தில் சட்ட வைத்தியப் பேராசிரியராக அமர்ந்தார்.

இவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வட இத்தாலியக் கிராமங்களில் மக்காச்சோளக் களியைத் தவிர வேறு ஆகாரமறியாத குடியானவர்கள், தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் சித்தம் கலங்கி மடிந்துகொண்டிருந்த பெல்லாக்ரா என்னும் நோயைப் பற்றி அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, நிலச்சுவான்தார்கள் தம் கூலியாட்களுக்கு அளக்கும் கெட்டுப்போன சோளத்திலுள்ள நஞ்சே இதற்குக் காரணம் என்று பகிரங்கமாக எழுதி, அதனால் செல்வந்தர்களின் பகையையும் சக வைத்தியர்களின் ஏளனத்தையும் சம்பாதித்துக்கொண்டார். சோளத்திலிருந்த நஞ்சு அல்ல, ஆகாரத்தில் இல்லாத ஒரு சத்தே காரணம் என்று பிற்கால விஞ்ஞானம் கண்டது. ஆனாலும் ஏழையின் நோய்க்கு ஏழையின் உணவைக் காரணங்காட்டிய அந்த நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன். நோயாளியின் கலயத்தை எட்டிப் பார்த்த இந்த மனிதர், கைதியின் கலயத்தைப் பார்க்காமல் அவன் கபாலத்தைப் பார்க்கப் போனது எதனால் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் வினா.

மோத்தா சாந்தா லூசியா என்ற கலாப்ரியக் கிராமத்தில் பிறந்து, திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, ஊரையும் உற்றாரையும் விட்டு நெடுந்தொலைவிலுள்ள பாவியாவில் இறந்துபோன முதியவர் ஜுசெப்பே விலெல்லா. அவருடைய மண்டையோட்டைத் திறந்து பார்த்த லொம்ப்ரோஸோ, பின்தலை எலும்பின் உட்புறத்தில், சாதாரணமாக ஒரு சிறு முகடு இருக்க வேண்டிய இடத்தில், வழவழப்பான ஒரு குழி இருக்கக் கண்டார். அது லெமூர் முதலிய கீழ்நிலைப் பிராணிகளில் காணப்படுவது; மனிதரில் அபூர்வம். இவ்வளவுதான் கண்டது. இதிலிருந்து அவர் கட்டிய மாளிகையோ மிகப் பெரியது! பரிணாம ஏணியில் நாம் எப்போதோ ஏறிக் கடந்துவிட்ட படிகளுக்கு ஒருவன் பிறவியிலேயே திரும்பிவிடக் கூடும். அத்தகையவன் நாகரிக சமுதாயத்தின் நடுவில் ஆதி மனிதனாகவும் மிருகமாகவும் வாழ்கிறான். குற்றம் செய்வது அவனுக்குச் சுபாவம் என்று அவர் தீர்மானித்தார். டார்வினின் பெயர் ஐரோப்பா முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெயரின் நிழலில் நின்ற எந்தக் கருத்தும் சாஸ்திரம் போலவே தோன்றியது. முதுமையில் இந்தச் சம்பவத்தை நினைவுகூர்ந்தபோது, மண்டையோட்டைக் கண்ட மாத்திரத்தில், சுடர்விடும் வானத்தின் கீழ் விரிந்த பெருவெளி போலக் குற்றவாளியின் ரகசியம் முழுவதும் தம் கண்முன் துலங்கியதாக அவர் சொன்னார். விலெல்லாவை அஞ்சத்தக்க கொள்ளைக்காரன் என்றும் வர்ணித்தார். பிற்காலத்தில் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தவரோ கொள்ளைக் கூட்டத் தலைவர் அல்லர். ஓர் ஏழைக் குடியானவர்.

பிரமன் எழுதியது மண்டையோட்டில் இருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை என்றும் கூடவே சொல்வார்கள். லொம்ப்ரோஸோ தமக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பினார். 1876-இல் ‘குற்றவாளி மனிதன்’ என்ற பொருளுடைய தலைப்பில் அவர் வெளியிட்ட நூல், முதற்பதிப்பில் ஒரு சிறு கிரந்தமாயிருந்து, 1890-களின் பிற்பகுதியில் வந்த ஐந்தாம் பதிப்பில் படங்களின் தொகுதியோடு பல பாகங்களாக வீங்கிப் பெருத்தது. பின்னோக்கிச் சரிந்த நெற்றி, முன்துருத்திய தாடை, உயர்ந்த கன்ன எலும்பு, கைப்பிடி போல் விலகி நிற்கும் காது, அளவுக்கு மீறி நீண்ட கைகள், வலியை உணராத தோல், இடக்கைப் பழக்கம், பச்சைக் குத்து என்று அடையாளங்களின் ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. 1884-இல் நேப்பிள்ஸ் நகரத்துப் படைவீட்டில் மிஸ்தேயா என்ற சிப்பாய் தன் தோழர்களையே சுட்டுக் கொன்ற வழக்குக்குப் பிறகு, காக்காய்வலிப்பும் காரணங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. ஆட்சேபம் எழும்போதெல்லாம் அவர் ஒரு காரணத்தைக் கூட்டினார். பிறவிக் குற்றவாளிகளின் விகிதத்தைக் குறைத்தார். கடைசியில் மூன்றில் ஒரு பங்குக் குற்றவாளிகளே அவ்வகையினர் என்ற நிலைக்கு இறங்கிவந்தார். தம் கொள்கையை இவ்வளவு தூரம் திருத்திக்கொண்டவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அடித்தளத்தை மட்டும் அவர் கடைசிவரை சோதிக்கவே இல்லை.

அந்த அடித்தளத்தில்தான் ஓட்டை இருந்தது. அவர் அளந்தவர்கள் யார்? சிறையில் கிடந்தவர்கள், அதாவது, போலீசாரின் கைக்கு எட்டியவர்கள், வக்கீல் வைக்க வசதியற்றவர்கள், தண்டனை பெற்றவர்கள். அகப்படாத திருடனின் காதை யாரும் அளக்கவில்லை. பொய்க் கணக்கெழுதிப் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய வியாபாரியின் தாடையும், லஞ்சம் வாங்கிய மந்திரியின் நெற்றியும் அளவுகோலுக்கு வெளியே சௌக்கியமாக இருந்தன. அளக்கப்பட்டவர்களிலும் கணிசமானோர் தெற்கத்தியர். புதிதாக ஒன்றுபட்ட இத்தாலியில் வடக்கு ஆண்டது, தெற்கு அடங்க மறுத்தது. தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவனின் குள்ளமான உடலும் ஒட்டிய கன்னமும் தரித்திரத்தின் அடையாளங்களா, பாவத்தின் அடையாளங்களா என்று பிரித்தறிய, சிறைக்கு வெளியே அதே ஊரில் அதே வறுமையில் வாழ்ந்து யாதொரு குற்றமும் செய்யாதவனை அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்த வேண்டும். அந்த ஒப்பீட்டை அவர் தக்க முறையில் செய்யவில்லை.

லொம்ப்ரோஸோவின் சீடர்களில் இருவர் குருவைவிட விரிந்த நோக்குடையவர்கள். என்ரிகோ ஃபெர்ரி சட்டம் படித்தவர், சோஷலிஸ்டு. ‘பிறவிக் குற்றவாளி’ என்ற சொற்றொடரை உண்டாக்கியவரே அவர்தான் என்றாலும், குற்றத்துக்குக் காரணம் உடலில் மட்டுமல்ல, இயற்கைச் சூழலிலும் சமூக நிலையிலும் உண்டு என்று வற்புறுத்தினார். பிறவியிலே குற்றவாளி, பைத்தியத்தால் குற்றவாளி, ஆவேசத்தால் குற்றவாளி, சந்தர்ப்பத்தால் குற்றவாளி, வழக்கத்தால் குற்றவாளி என்று அவர் வகுத்த ஐந்து வகைகள் இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கின்றன. தெருவிளக்குப் போடுவதும், சுங்க வரியைக் குறைத்துக் கள்ளக்கடத்தலை ஆதாயமற்றதாக்குவதும் சிறைச்சாலையைவிடச் சிறந்த மருந்துகள் என்ற அவருடைய போதனை என் மனத்துக்கு மிகவும் உகந்தது. ரஃபாயேலே கரோஃபாலோ நேப்பிள்ஸ்காரர், நீதிபதி. 1885-இல் தம் நூலுக்குக் ‘கிரிமினோலோஜியா’ என்று பெயர் சூட்டி, இந்தச் சாஸ்திரத்துக்கே நாமகரணம் செய்தவர். இரக்கமும் நேர்மையும் என்ற இரண்டு அடிப்படை உணர்ச்சிகளைப் புண்படுத்துவதே இயற்கைக் குற்றம் என்ற அவர் இலக்கணம் அழகியது. ஆனால் திருந்த இயலாதவர்களைச் சமுதாயம் களைந்தெறிந்துவிட வேண்டும் என்று அவர் சொன்ன இடத்தில் அழகு மறைந்துவிடுகிறது. நேர்க்காட்சிவாதிகள் என்று பெயர்பெற்ற இவர்கள் தம் நாட்டிலேயே சட்டத்தைப் பிடிக்க முடியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1889-இல் நிறைவேறிய இத்தாலியத் தண்டனைச் சட்டம் மரண தண்டனையை ஒழித்து, பெக்காரியாவின் பக்கமே சாய்ந்தது.

அதே 1889-இல் பாரிஸில் கூடிய இரண்டாம் சர்வதேசக் குற்ற மானிடவியல் மாநாடு இந்தச் சரித்திரத்தின் திருப்புமுனை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் நடந்த முதல் மாநாட்டில் லொம்ப்ரோஸோ கொண்டாடப்பட்டார். அங்கேயே லியோன் நகரத்து வைத்தியப் பேராசிரியர் அலெக்ஸாந்தர் லக்காஸான்ய், குற்றவாளி ஒரு கிருமியைப் போன்றவன், தனக்கேற்ற சத்துநீர் கிடைக்காதவரை அக்கிருமியால் தீங்கில்லை, அந்தச் சத்துநீரே சமுதாயம் என்று எதிர்வாதம் தொடுத்திருந்தார். பாரிஸில் அந்த வாதம் வலுத்தது. மாநாட்டு நாட்களில் அங்கே நடந்த பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்த ஒரு மண்டையோடு பெரிய சர்ச்சையைக் கிளப்பிற்று. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாராவைக் குளியல்தொட்டியிலேயே குத்திக் கொன்ற ஷார்லோட் கோர்தேயின் மண்டையோடு என்று சொல்லப்பட்ட அதைப் பரிசோதித்து, பிறவிக் குற்றவாளியின் லட்சணங்கள் அதில் நிறைந்திருப்பதாக லொம்ப்ரோஸோ கூறினார். பிரெஞ்சு மானிடவியலறிஞர் தொப்பினார் அதே ஓட்டைக் கையில் எடுத்து, அப்படி ஒன்றுமில்லை என்றார். ஒரே எலும்பு, இரண்டு நிபுணர்கள், இரண்டு தீர்ப்புகள்! சச்சரவைத் தீர்க்க, 100 குற்றவாளிகளையும் 100 நல்லவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு அமைக்கலாம் என்று கரோஃபாலோ யோசனை சொல்ல, மாநாடு ஏற்றது. அந்த ஒப்பீடு நடக்கவேயில்லை. 1892-இல் பிரஸ்ஸெல்ஸில் நடந்த மூன்றாம் மாநாட்டுக்கு இத்தாலியர்கள் வரவுமில்லை.

அவர்கள் தட்டிக்கழித்த அந்தப் பரீட்சையை நிறைவேற்றியவர் இங்கிலாந்துச் சிறை வைத்தியர் சார்ல்ஸ் கோரிங். கார்ல் பியர்சனின் புள்ளியியல் கூடத்தின் துணைகொண்டு, 3000 கைதிகளின் அளவுகளைப் பல்கலைக்கழக மாணவர்கள், படைவீரர்கள், ஆஸ்பத்திரி நோயாளிகள் ஆகியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1913-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு ஏதும் கிடையாது என்று நிறுவியது. ஒரு மாணவனின் தலையளவை மட்டும் கொண்டு, அவன் பிற்காலத்தில் பேராசிரியனாவானா, தண்டனைக் கைதியாவானா என்று ஊகிப்பதைவிட, அவன் படிப்பது இங்கிலாந்துக் கல்லூரியிலா, ஸ்காட்லாந்துக் கல்லூரியிலா என்று ஊகிப்பது எளிது என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. எலும்பை அளந்து எழுந்த கொள்கை எலும்பை அளந்தே வீழ்ந்தது. ஆனால் கோரிங்கும் முழுதும் விடுபட்டவர் அல்லர். கைதிகள் சராசரியில் உயரத்திலும் எடையிலும் குறைந்தவர்கள் என்று கண்டு, அவர்களது புத்திக் குறைவு பரம்பரையாய் வருவதென்று எழுதினார். மண்டையோட்டை விட்ட பழி மூளைக்கு இடம் மாறிற்று, அவ்வளவே.

தமிழ் வாசகர் ஒருவர் இந்த இடத்தில், இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்த பண்டிதச் சண்டை என்று எண்ணக் கூடும். அப்படியல்ல. பிறப்பினாலேயே குற்றவாளி என்ற எண்ணம் லொம்ப்ரோஸோவின் நூல் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னமேயே இந்தியாவில் சட்டமாகியிருந்தது. தச்சன் மகன் தச்சனாவது போல, இன்ன ஜாதியில் பிறந்தவன் திருடனாகிறான் என்று நம்பிய ஆங்கில அதிகாரிகள் 1871-இல் வட இந்தியாவுக்கென்று இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு இத்தாலிய வைத்தியர் பொறுப்பாளி அல்லர். இரண்டும் ஒரே காலத்தின் ஒரே மனப்பான்மையில் விளைந்தவை. இங்கும் அளவுகோல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சென்னை அருங்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு ஜனங்களின் தலைகளையும் மூக்குகளையும் அளந்து, 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தம் ஜாதிக் களஞ்சியத்தை வெளியிட்டார்.

1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ‘ரேகைச் சட்டம்’ என்று மதுரைப் பக்கத்து ஜனங்கள் அதைச் சொல்வார்கள். அதில் குறிக்கப்பட்ட ஜாதியில் பிறந்த வயதுவந்த ஆண்பிள்ளை போலீசாரிடம் கைரேகை வைத்துப் பதிவேட்டில் பெயரைக் கொடுக்க வேண்டும். இரவானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய் ஆஜராக வேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போவதானாலும் சந்தைக்குப் போவதானாலும் ராதாரிச் சீட்டு இல்லாமல் ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. எந்த நியாயஸ்தலத்திலும் எந்தக் குற்றமும் ருசுவாகாதவனும், பகலெல்லாம் ஏர் பிடித்து உழுதவனும், இரவு வீட்டில் படுத்துறங்கும் பாத்தியதையை இழந்தான். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்றபோது, போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று பெக்காரியா வந்து கேட்டிருந்தால், அந்தச் சட்டத்தின் ஏட்டில் பதிலே கிடையாது. யாருக்குப் பிறந்தார்கள் என்பது மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தது. செவ்வியல் கொள்கை குற்றவாளியைப் பார்க்கத் தவறியது என்று மேலே குறை சொன்னேன். குற்றமே இல்லாதபோதும் ஆளைப் பார்ப்பேன் என்று கிளம்பிய கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இந்தக் கிராமம் சாட்சி.

கலாப்ரியர்களும் மறக்கவில்லை. தூரினில் லொம்ப்ரோஸோவின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் விலெல்லாவின் மண்டையோட்டைத் தங்கள் ஊரில் அடக்கம் செய்யத் தர வேண்டும் என்று மோத்தா சாந்தா லூசியா ஊராட்சியினர் வழக்குத் தொடுத்தார்கள், 2012-இல் கீழ்க்கோர்ட்டில் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2019-இல் இத்தாலியின் உச்ச நியாயஸ்தலம் அருங்காட்சியகத்துக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. விஞ்ஞானம் எவ்வாறு பிழைபட்டது என்பதைக் காட்டுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது என்பது அருங்காட்சியகத்தாரின் நியாயம். அந்த நியாயத்தில் பொருளுண்டு என்று ஒப்புக்கொண்டாலும், செத்தும் வீடு திரும்பாத அந்தக் குடியானவரின் ஊரார் பக்கமே என் மனம் நிற்கிறது.

சென்னை மாகாணத்தில், முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலர் நெடுங்காலம் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு, 1947-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தாயிற்று. இந்தியா முழுவதிலும் 1952 ஆகஸ்டு மாதக் கடைசியில் அது நீங்கிற்று. ஆயினும் சென்னையில் 1948-லேயே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஜாதிப் பதிவேட்டுக்குப் பதிலாக, தனிமனிதனின் தண்டனைக் கணக்கு இதில் ஆதாரமாயிற்று. ஃபெர்ரியின் ஐந்து வகைகளில் பிறவிக் குற்றவாளி சட்டத்தை விட்டு வெளியேற, வழக்கக் குற்றவாளி உள்ளே வந்து அமர்ந்தான் எனலாம். ஒருவன் ஏன் திரும்பத் திரும்பச் சிறைவாசலுக்கு வருகிறான், அந்த வழக்கத்தை யாரிடமிருந்து கற்கிறான் என்ற வினாவுக்கு, பிரான்ஸில் சார்லா என்ற சிற்றூரில் நீதிபதியாயிருந்த கப்ரியேல் தார்ட், லொம்ப்ரோஸோவை எதிர்த்து வாதாடியபோதே ஒரு விடை வைத்திருந்தார். அந்த விடையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.